நனைந்த மலையில் அடுப்பு

கேள்வி: மழை ஓய்ந்ததும் மால்ஷேஜ் பக்கம் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம். அடுப்பு மூட்ட எதை நம்பலாம், தீப்பெட்டியா, லைட்டரா?
– வாசகர், ஐரோலி

பதில்: இரண்டையும் எடுத்துப் போங்கள், ஆனால் ஒரே பையில் வேண்டாம். சிவகாசிக் குச்சி எவ்வளவு காய்ந்திருந்தாலும் பெட்டியின் பக்கவாட்டுப் பட்டை நமுத்தால் பற்றாது. சிவப்புப் பாஸ்பரஸ் இருப்பது அந்தப் பட்டையில்தான். அதையும் வெட்டிக் குச்சிகளோடு இறுக்கமான டப்பாவில் போடுங்கள். லைட்டர் நனைந்தால் சக்கரத்தைத் துடைத்து ஊதி உலர்த்துங்கள், வழிக்கு வந்துவிடும். மலையேறிகள் ஃபெரோ கம்பியும் வைத்திருப்பார்கள். ஆஸ்திரிய வேதியியலாளர் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1903-இல் உருவாக்கிய கலவை அது. தண்ணீரில் விழுந்தாலும் துடைத்து உரசினால் பொறி பறக்கும். பொறியை ஏந்தக் காய்ந்த பஞ்சு வேண்டும். வீட்டிலேயே பழகிவிட்டுக் கிளம்புங்கள்.

பெரும்பாலும் நம்மைக் கவிழ்ப்பது ஈர விறகு. அதற்கு மருந்து உங்கள் பூஜை அலமாரியிலேயே இருக்கிறது: கற்பூரம்! தீர்ந்திருந்தால் மாட்டுங்காவில் வாங்கலாம். இரண்டு வில்லை, மேலே பிரித்த தேங்காய் நார், அதற்கும் மேலே பென்சிலைவிட மெல்லிய சுள்ளிகள். கற்பூரம் எரிந்து தீர்ந்தபிறகே பாத்திரத்தை ஏற்றுங்கள்.

இதெல்லாம் அனுமதியுள்ள முகாமில் மட்டும். காப்புக்காட்டில் தீ மூட்டுவது 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. புல் காய்ந்த மாதங்களில் போவதானால் பிளாஸ்கில் டீயும் கட்டுச்சோறும் போதும்.