காளை, புலி, யானை: திருத்தணி வட்டாரத்துச் சண்டைக் கதை

பழங்காலத்தில் அரச வம்சம் தொடங்க மூலதனம் மூன்றுதான். ஒரு புராணத் தாத்தா, முத்திரையில் பதிக்க ஒரு விலங்கு, கூப்பிட்ட பக்கம் வாள் தூக்க ஆட்கள். மூன்றும் இருந்தால் ராஜா. மூன்றாவது கைவிட்டால் புலவர்.

தாத்தா விஷயத்தில் பல்லவர்கள் கெட்டி. செப்பேடுகளில் பிரம்மாவில் ஆரம்பித்து பரத்வாஜர், துரோணர், அஸ்வத்தாமன் என்று படிப்படியாக இறங்கி வருவார்கள். ‘அதெல்லாம் கிடையாது, இவர்கள் பாரசீகப் பக்கமிருந்து குதிரையேறி வந்த பார்த்தியர்கள்’ என்று பழைய ஆய்வாளர்கள் சிலர் சொல்லிப் பார்த்தார்கள். பெயர் ஒலியைத் தாண்டிச் சான்று தேறாததால் அந்தக் குதிரை பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

விலங்குக்கும் குறைவில்லை. பல்லவருக்குக் காளை, சோழருக்குப் புலி, பாண்டியருக்கு மீன், மேலைக் கங்கருக்கு யானை. கி.பி. 880 வாக்கில் இவ்வளவும் கும்பகோணம் அருகே திருப்புறம்பியத்தில் கூடின. அபராஜித பல்லவனின் காளை, ஆதித்த சோழனின் புலி, பிருதிவீபதியின் கங்க யானை எல்லாம் ஒரு கட்சி. எதிரே தனி மீனாக வரகுண பாண்டியன். காவிரிப் படுகையில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் மீன் கரையொதுங்கியது.

பாவம், பிருதிவீபதி. கூட்டாளியின் சண்டைக்கு வந்து உயிரையே கொடுத்தார். அவருடைய சமாதிக் கோயிலான பள்ளிப்படையைக்கூட நிம்மதியாக விடாமல், ‘பொன்னியின் செல்வ’னில் கல்கி சதிகாரர்களை அங்கேதான் கூட்டம் போட வைத்தார்.

வென்ற கூட்டணி எத்தனை நாள் நிலைக்கும் என்று தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சில வருடங்களில் புலி காளைமீதே பாய்ந்தது. உயர்ந்த யானைமேல் இருந்த பல்லவனை ஆதித்தன் தாவி ஏறிக் கொன்றான் என்கிறது வீரராஜேந்திரனின் கன்னியாகுமரிக் கல்வெட்டு. கொன்றவரின் வாரிசுகள் வெட்டிய கல்வெட்டு. யானையின் உயரத்தில் ஒரு முழம் கழித்தே படிப்பது நல்லது.

அதுவரை அபராஜிதன் என்ன செய்துகொண்டிருந்தார்? திருத்தணியில் நம்பி அப்பி என்பவர் வீரட்டானேசுவரர் கோயிலைக் கல்லால் எடுத்தார். விமானம் யானையின் முதுகைப் போல வளைந்த தூங்கானை மாடம். நம்பி அப்பியைப் பாராட்டி மன்னரே ஒரு வெண்பா பாடினார். அது கல்லிலும் ஏறியது. தூங்கும் யானைக்கு வெண்பா பாடியவருக்கு, தாவும் சோழனைக் கவனிக்க நேரம் இருந்திருக்காது.

மூன்றாவது மூலதனமான ஆட்கள் விஷயத்தில், சத்தியம் செய்து சேர்ந்த வீரர்களை நம்பினாலும் தலைவலிதான். 11ஆம் நூற்றாண்டில் இலங்கையின் விஜயபாகு, தன்னிடம் இருந்த வேளைக்காரப் படையைச் சோழர்மீது ஏவினார். அவர்கள் சோழரை விட்டுவிட்டு அவருடைய அரண்மனைக்கே தீ வைத்தார்கள். கலகம் அடங்கியது. பிறகு அதே வேளைக்காரர்கள் பொலன்னறுவையில் புத்தரின் புனிதப் பல்லுக்குக் காவல் இருப்பதாகக் கல்வெட்டும் வெட்டினார்கள்!

திருத்தணிக்கு வருவோம். 1977இல் பக்கத்து வேலஞ்சேரியில் இரண்டு செப்பேட்டுத் தொகுதிகள் சேர்ந்தே கிடைத்தன. ஒன்று அபராஜிதனுடையது. மற்றது, அவரைக் கொன்ற ஆதித்தனின் மகன் முதலாம் பராந்தகனுடையது. கொலையுண்டவர் வீட்டுப் பத்திரமும் கொன்றவர் வீட்டுப் பத்திரமும் ஓர் இடத்தில் சண்டையில்லாமல் கிடந்தன.

1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி மறுபடி கைமாறியது. ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டத்துக்குப் பின் ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. இம்முறை யாரும் யானைமேல் தாவவில்லை.

இந்தக் கதையில் உண்மையில் ஜெயித்தவர், அந்த இரண்டு செப்பேடுகளையும் உருக்கிக் குடம் செய்யாமல் பத்திரப்படுத்திய, பெயர் தெரியாத ஆசாமிதான். ஆகவே வாசகர்களே, ஆட்சி மாறினாலும் பட்டா மாறினாலும் பழைய பத்திரத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.