சேஃப்டி சார்

துவாக்குடி சிட்கோ பக்கம் வெல்டிங் பட்டறைகளில் காலை ஒன்பதரை மணி வாக்கில் ஒரு காட்சி நடக்கும். வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் நாலு பேர் ஹெல்மெட்டைத் தேடி ஓடுவார்கள், ரெண்டு பேர் செருப்பை ஒளிப்பார்கள், ஒருவர் பீடியை. வருகிறவர் முதலாளி இல்லை. முதலாளி வந்தால் யாரும் ஓடுவதில்லை. அவரே ஹெல்மெட் போடாதவர். வருகிறவர் சேஃப்டி சார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று உண்டு. அது ஸ்ரீரங்கத்தில் ரேஷன் கார்டில் மட்டும் புழங்குகிறது. ஜுபைல், ரூவைஸ் என்று ரிஃபைனரி ரிஃபைனரியாகச் சுற்றிவிட்டு, மகள் கல்யாணத்துக்காக ஊர் திரும்பி, அப்படியே தங்கிவிட்டவர். திருச்சியில் இந்த இனம் கொஞ்சம் ஜாஸ்தி. சத்திரத்திலும் தில்லைநகரிலும் மாடிப்படி ஏறினால் ‘ஃபயர் அண்ட் சேஃப்டி’ வகுப்பு. இங்கிருந்து நேரே துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் விமானம். நெபோஷ் என்பது 1979-ல் இங்கிலாந்தில் தொடங்கிய பரீட்சை வாரியம், தலைமையிடம் லெஸ்டர். லெஸ்டர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத மாமியாரும் “மாப்பிள்ளை நெபோஷ் முடிச்சிருக்கார்” என்று சொல்லும் ஊர் இது.

இவரோடு கல்யாணத்துக்குப் போவது தனி அனுபவம். மாலையும் கழுத்துமாக நிற்கும் மாப்பிள்ளையைப் பார்க்குமுன் மண்டபத்துக்கு எத்தனை வாசல் என்று பார்ப்பார். பந்தியில் கதவோரத்து இலைதான். சாப்பிட்டு முடித்தவர், கை கழுவுகிற சாக்கில் சமையல்கட்டுக்குள் நுழைந்து கேஸ் டியூபைத் திருப்பித் தேதி பார்ப்பார். அஞ்சு வருஷம் தாண்டியிருந்தால் சமையல்காரருக்கு மொய்யாக ஒரு வகுப்பு.

சித்திரைத் தேரன்று சித்திரை வீதியில் ஊரே பெருமாளைச் சேவிக்க, இவர் கண் சக்கரத்தடியில் இருக்கும். வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில். தேரை நிறுத்துவதோ முட்டுக்கட்டை போடும் நாலைந்து பேர். “அத்தனை பேர் இழுக்கறாங்க, ஆனா கட்டை போடறவன் சொன்னாத்தான் தேர் நிக்குது. பட்டறையில எனக்கு அந்த மரியாதை உண்டா?” என்று அங்கலாய்ப்பார். திருவாரூர் ஆழித்தேருக்கு நம் திருச்சி பெல் கம்பெனி இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்த கதையை அடுத்தாற்போல் எடுப்பார். வீட்டம்மா குறுக்கே புகுந்து, “பெருமாளுக்குமா ரிஸ்க் அசெஸ்மென்ட்? கன்னத்துல போட்டுக்குங்க” என்பார். போட்டுக்கொள்வார். கண் மட்டும் சக்கரத்தை விட்டு நகராது.

நாற்பது பேர் வேலை செய்யும் பட்டறைக்கு இவர் எதற்கு? சட்டப்படி தேவையில்லை. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம், ஆயிரம் பேராவது இருந்தால்தான் பாதுகாப்பு அதிகாரி கட்டாயம் என்றது. 2020-ல் நிறைவேறிய புதுச் சட்டத் தொகுப்பு அதை ஐந்நூறாக்கியது. அபாயகரமான தொழில் என்றால் இருநூற்றைம்பது. எப்படிக் கணக்குப் போட்டாலும் நாற்பது சிக்காது. ஆனால் ஆர்டர் கொடுக்கும் பெரிய கம்பெனி ஆடிட்டுக்கு ஆள் அனுப்பும். அவர் முன்னால் வைக்க ஒரு ஃபைல் வேண்டும், ஃபைலில் கையெழுத்து வேண்டும், கையெழுத்துக்குக் கீழே ஒரு சீல் வேண்டும்.

கையெழுத்து மட்டும் போதும் என்றால் அதற்கும் ஆள் இருக்கிறார்கள். கிரேன், செயின் பிளாக் வகையறாக்களை வருஷத்துக்கு ஒருமுறையாவது தகுதியுள்ள ஒருவர் முழுசாகச் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். காரை விட்டு இறங்காமலே, ஏ.சி.யும் அணைக்காமலே கிரேனைச் சோதித்துச் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போன மகானுபாவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் வருகிறார் என்றால் முதலாளி இளநீர் வாங்கி வைப்பார். சேஃப்டி சாருக்கு டீதான், அதுவும் கேட்டால்.

ஏனென்றால் காசு கொடுத்து ஆலோசகர் வைத்தாயிற்று, இனி பொறுப்பு அவர் தலையில் என்பது முதலாளிகளின் நம்பிக்கை. சட்டத்துக்கு அந்த நம்பிக்கை கிடையாது. போபாலுக்குப் பிறகு 1987-ல் திருத்தியபோது, வேலை செய்கிறவர்களின் பாதுகாப்பும் உடல்நலமும் ஆலையை நடத்துகிறவரின் கடமை என்று 7ஏ பிரிவையே சேர்த்தார்கள். இதை சேஃப்டி சார் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவார். அதனாலேயே பல இடங்களில் இரண்டாவது சந்திப்பு நடப்பதில்லை.

மார்ச் 4 அவருக்குத் தீபாவளி. 1966-ல் தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் தொடங்கிய நாள். ஒரு வாரம் கொண்டாட்டம். உறுதிமொழி, சட்டையில் பச்சை பேட்ஜ், வாசகப் போட்டி, மிக்சர். ஒருமுறை ‘காலணியே காவலன்’ என்று எழுதி முதல் பரிசு வாங்கிய ஃபிட்டர், எவர்சில்வர் டிபன் பாக்ஸை வாங்க ஹவாய் செருப்போடு மேடையேறினார். அன்று சார் ஹெயின்ரிச் கணக்கைச் சொன்னார். 1931-ல் ஓர் அமெரிக்க இன்சூரன்ஸ்காரர் போட்ட கணக்கு: ஒரு பெரிய விபத்து என்றால் அதற்கு முன் 29 சின்னக் காயங்கள், 300 தப்பித்தல்கள். பின் வரிசையில் ஒரு ஹெல்பர் கையைத் தூக்கினார். “அப்ப நமக்கு இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கு சார்?”

சார் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் நேரே அந்த ஹெல்பரின் கிரைண்டரிடம் போனார். நாலு இஞ்ச் மெஷின். கார்டைக் கழற்றிவிட்டு ஏழு இஞ்ச் டிஸ்க்கின் தேய்ந்த மிச்சத்தை மாட்டியிருந்தார்கள். மெஷின் நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடக்கூடியது. டிஸ்க்கின் மேல் 8,500-க்கு மேல் கூடாது என்று அச்சடித்திருக்கிறது. “தம்பி, இது வெடிச்சா உன் கழுத்து இந்த உயரத்துலதான இருக்கும்?” என்று டிஸ்க்கைக் கழற்றி ரெண்டாக உடைத்துக் குப்பையில் போட்டார். ஒரு டிஸ்க் காசு போச்சே என்று ஸ்டோர்காரருக்கு வயிறு எரிந்தது.

இந்த ஐப்பசியில் நடந்ததையும் சொல்லவேண்டும். ஒரு பெரிய வெசல், மறுநாள் லாரி ஏற வேண்டும், உள்ளே ஒரு வெல்டு பாக்கி. ராத்திரி முழுக்க ஆர்கான் விட்டிருந்தார்கள். ஆர்கானுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றைவிடக் கனம், அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஃபோர்மேன் மேன்ஹோலில் காலை விட்டாயிற்று.

“அண்ணே, வெளிய வாங்க.”

“இருபது வருஷமா எறங்கறேன் சார். நமக்கு என்ன ஆயிருச்சு?”

சார் பதில் பேசாமல் கேஸ் மீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டார். வாய்ப்பக்கம் ஆக்சிஜன் 20.8 சதவீதம் காட்டியது. இன்னும் இறக்கினார். 19.5-க்குக் கீழே போனதும் மீட்டர் கத்த ஆரம்பித்தது. மேலே இழுத்துக் காட்டியபோது, அது பதிந்து வைத்திருந்த குறைந்தபட்ச அளவு 15. ஃபோர்மேன் காலை வெளியே எடுத்துக்கொண்டு, டீ சாப்பிடப் போவது மாதிரி நகர்ந்துவிட்டார்.

ப்ளோயர் வந்தது, ஓடியது. சார் பிளாஸ்டிக் சேரை மேன்ஹோலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்துவிட்டார். அடிவரை 20.9 வருகிற வரைக்கும் பர்மிட் புத்தகம் அவர் தொடையின் கீழ். முதலாளி நாலு தடவை வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். அஞ்சாம் தடவை பொறுக்க முடியவில்லை.

“மூணு மணி நேரம் வேலை நின்னுபோச்சு சார். உங்க பில்லுல கழிச்சுக்கட்டுமா?”

“தாராளமா கழிச்சுக்குங்க. எதுக்குக் கழிச்சீங்கன்னு காரணத்தை மட்டும் லெட்டர்பேடில எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. ஆடிட்டு ஃபைல்ல வைக்கணும்.”

முதலாளி பையனைக் கூப்பிட்டு, சாருக்கு ஒரு இளநீர் வாங்கிவரச் சொன்னார்.