சரிவின் துணையால் டீசல் பில்டர் நீடு வாழ்தல்: மலையகத்துப் பழைய வாகனங்கள் குறித்த ஓர் ஆராய்ச்சி

1. ஆய்வுப் பொருள்

ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா வட்டாரங்களில் விடியற்காலையில் பழைய டீசல் வாகனங்கள் ஸ்டார்ட் எடுக்க மறுப்பது யாவரும் அறிந்ததே. அவற்றின் டீசல் பில்டரை எவரும் மாற்றுவதில்லை என்பதும் யாவரும் அறிந்ததே. இவ்விரண்டையும் சேர்த்து வைத்து நோக்கியவர் மட்டும் இலர். கொழுந்து லொறி முதல் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் டொல்பின் வேன் ஈறாக நோக்கியவிடத்துப் புலப்பட்டது இது: மலையகத்தில் பில்டரின் ஆயுளைத் தீர்மானிப்பது அதைச் செய்த கம்பனி அன்று, வண்டி இரவில் நிற்கும் இடத்தின் சரிவே.

2. முந்தையோர் கொள்கைகள்

ஸ்டார்ட் எடுக்காத இந்நோய்க்குக் காரணம் கூறுவோர் மூவகையர்: பெட்டரியைப் பழிப்போர், ஹீட்டர் பிளக்கைப் பழிப்போர், பனியைப் பழிப்போர். முதல் இருவரும் காசு செலவழித்துத் தெளிவு பெறுவர். மூன்றாமவர் செலவின்றியே வாதத்தில் வெல்வதால் அவர் கொள்கையே செல்வாக்கு மிக்கது.

அதில் உண்மையும் உண்டு. டீசல் இஞ்சினில் தீப்பொறி இல்லை. காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நெருக்கி, அந்தச் சூட்டில் எண்ணெய் தானே பற்ற வேண்டும். உள்ளே போகும் காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால், நெருக்கி முடிக்கையில் இரண்டு மூன்று டிகிரி குறைந்துவிடும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் காற்றழுத்தமும் கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஆயினும், அதே பனியில் நனைந்த பக்கத்து வீட்டு வேன் ஒரே திருப்பில் கிளம்புவது எப்படி என்று கேட்டால் இக்கொள்கையினர் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுகின்றனர்.

3. நம் கொள்கை

டீசல் பம்பின் உள்ளுறுப்புகளுக்கு இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான் மட்டுமே. மயிரிழையின் தடிப்போ எழுபது மைக்ரான் அளவு. அந்த இடைவெளிக்குள் தூசியும் நீரும் புகாமல் காப்பது பில்டர். அது அடைபட்டால் எண்ணெய் தட்டுப்படும். அதன் ரப்பர் வளையம் காய்ந்து காற்று புகுந்தால், குழாயில் நின்ற டீசல் இரவோடு இரவாக டேங்குக்கே திரும்பிவிடும். காலையில் செல்ப் மோட்டர் சுற்றும். பம்புக்கு வருவதோ காற்று. இதையே கராஜ் பாஸ்மார் ‘ஏர் பிடிச்சிருக்கு’ என்பர்.

4. சரிவின் இரட்டைச் சூழ்ச்சி

மலையகத்து வண்டி இரவில் மூக்குக் கீழ்நோக்கி நிற்கும். முன் டயருக்கு ஒரு கல் அண்டை கொடுக்கப்பட்டிருக்கும். இது பெட்டரியை நம்பாதவரின் ஏற்பாடு என்றே இதுகாறும் கருதப்பட்டது. அஃது அரைகுறை விளக்கம். டேங்க் பின்னால் உள்ள வண்டி மூக்குக் கீழாக நிற்கையில் டேங்க் மேலே போகிறது. எனவே டீசல் பின்வாங்க இடமில்லை. விடிந்ததும் கல்லை எடுத்து, உருளவிட்டு, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால் இஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஆக, சரிவானது நோயையும் தணிக்கிறது, நோயாளியையும் நடக்க வைக்கிறது. வைத்தியருக்கு வேலை இல்லை. இஞ்சின் பிடிக்கும்வரை பிரேக் பூஸ்டருக்கும் வேலை இல்லை என்பதை உருளும்போது எவரும் நினைப்பதில்லை.

இது பற்றி வேன் சாரதி ஒருவரின் மறுப்பு வருமாறு: “காலையில ஸ்டார்ட் எடுக்குதுதானே தம்பி, பொறகு எதுக்கு பில்டர்?”

இதற்கு விடையைச் சரிவே தருகிறது. காலையில் இறக்கத்தில் காப்பாற்றிய மலை, பகலில் ஏற்றத்தில் காட்டிக்கொடுக்கும். கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கோ, ரம்பொடை வளைவுகளிலோ பாரத்துடன் ஏறுகையில் இஞ்சின் நிறைய டீசல் கேட்கும். அடைபட்ட பில்டர் கொடாது. வண்டி இழுக்காமல் முனகும். சாரதியோ சாமானையும் பயணிகளின் உடற்பருமனையும் குறை கூறுவார்.

5. வரலாற்றுக் காரணம்

2020 இல் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. பழையன கழியவில்லை, புதியன புகவுமில்லை. இடையில் 2022 ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது வேனுக்கு வாரம் 20 லீற்றரே பங்கு. டேங்கின் வெற்றிடத்தில் ஈரக் காற்று நிரம்பி நீராய் இறங்கியது. அடியில் உறங்கிய கசடும் எழுந்து பில்டருக்குப் பயணமானது. அந்த ஆண்டின் வரலாற்றைப் பழைய பில்டரை அறுத்தும் படிக்கலாம்.

6. சோதனையும் செய்முறையும்

வண்டியை ஓர் இரவு சமதரையில் நிறுத்துக. காலையில் கிளம்பாவிடின் பில்டரையும் அதன் வளையங்களையும் ஐயுறுக. இச்சோதனையில் உள்ள ஒரே இடர், சமதரை கிடைப்பது. நுவரெலியாவில் கிடைத்ததைக் குதிரைப் பந்தயத்துக்கும் 1889 முதல் கோல்ப் பந்துக்கும் கொடுத்தாயிற்று. எஞ்சியது தேயிலைப் பெக்டரி முற்றம்; அதற்குத் தோட்டத் தொரையின் அனுமதி வேண்டும்.

மாற்றும் முறை சுருக்கமானது. பழையதைக் கழற்றுக. புதிய வளையத்தில் டீசல் தடவிக் கையால் இறுக்குக. ஏர் எடுக்கும் திருகாணியைத் தளர்த்தி, குமிழி நின்று எண்ணெய் மட்டும் வரும்வரை கைப்பம்பை அமுக்குக. பின் திருகாணியை முடுக்குக. அமுக்கும்போது அவசரப்படுத்தும் அயலாரைச் சற்றுத் தூரத்தில் நிறுத்துக.

7. முடிவுரை

இம்முறையில் பில்டர் மாற்றிய வண்டி சமதரையிலேயே ஒரு திருப்பில் கிளம்பக் கண்டோம். ஆயினும் அன்றிரவே அது பழைய சரிவில், பழைய கல்லுடன் நின்றது. வினவியபோது உரிமையாளர், “பில்டர் சரி தம்பி, செல்ப் மோட்டர் மேலதான் இப்ப எனக்குச் சந்தேகம்” என்றார். செல்ப் மோட்டரில் குறையேதும் இல்லை. ஆகவே பில்டரை மாற்றுவது அரை மணி நேர வேலை என்றும், சரிவின் மேல் உள்ள நம்பிக்கையை மாற்றும் கருவி எந்தக் கராஜிலும் இல்லை என்றும் நிறுவப்பட்டது.