அரைப் புள்ளிக்கு வந்த பனங்கிழங்கு

தாள் திருத்திக் கொடுத்த மறுநாள் காலை, முதல் மணி அடிக்க முன்னமே ஆள் வாசலில் நிற்பார். கையில் ஒரு பிளாஸ்ரிக் பைல். உள்ளே மகனின் விடைத்தாள், அதன் போட்டோகொப்பி, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் விடைத்தாளின் போட்டோகொப்பி. அவரைக் கண்டதும் அதிபருக்கு வலயக் கல்வி அலுவலகத்துக்கு அவசரமாக போன் எடுக்க வேண்டியிருக்கும். மிஞ்சுவது வகுப்பு ரீச்சர்.

“ரீச்சர், கோவிக்காதையுங்கோ. ஒரு சின்ன விசயம்.”

சின்ன விசயம் எப்போதும் அரைப் புள்ளிதான். ‘மணல்’ என்பதை மகன் ‘மனல்’ என்று எழுதியிருப்பான். “கருத்து விளங்குதுதானே ரீச்சர்? மனல் எண்டு வேற ஏதும் சாமான் இருக்கோ?” கணக்கில் விடை பிழைத்திருக்கும். ஆனால் வழி சரியாம். வழியும் பிழையென்று காட்டினால், முதல் வரியில் வினாவைச் சரியாகப் பார்த்தெழுதியிருக்கிறானே, அதற்கு ஒன்றுமில்லையோ என்பார். முழுக்கப் பிழைத்த கேள்விகளைப் பற்றி மட்டும் அவர் வாய் திறப்பதில்லை. அவை என் கணக்கில் எழுதப்பட்டவை. நான் படிப்பிக்கவில்லை, அவ்வளவுதான். பாதி சரியானவை அவருடைய வளர்ப்பு.

மாசி மாதத்து அலகுப் பரீட்சையில், வேரில் உணவைச் சேமிக்கும் தாவரம் இரண்டு எழுதச் சொல்லியிருந்தேன். கரட் என்று எழுதினான், சரி. அடுத்தது பனங்கிழங்கு. வெட்டினேன்.

“நிலத்தைக் கிண்டித்தானே ரீச்சர் எடுக்கிறம்? கீழ இருக்கிறது வேர்தானே?”

உருளைக்கிழங்கும் கீழேதான் இருக்கிறது, அது தண்டு என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. “அப்ப பாடத்திலயே குழப்பம் இருக்கெண்டு நீங்களே ஒத்துக்கொள்ளுறியள்.” பனங்கொட்டையைப் பாத்தியில் போட்டால் முளை கீழே இறங்குகிறது, கொட்டைக்குள் இருக்கிற சத்தைப் பூரான் உறிஞ்சிக் கொடுக்க அந்த முளைதான் கிழங்காகத் தடிக்கிறது, உண்மையான வேர் அதற்கும் கீழே நூல் நூலாக ஓடுகிறது என்று விளங்கப்படுத்தினேன். மிகக் கவனமாகக் கேட்டார். போய்விட்டார்.

அடுத்த நாள் பைலோடு ஒரு கட்டுப் பனங்கிழங்கும் வந்தது. கொட்டை கழற்றாத, மண் ஒட்டிய பச்சைக் கிழங்கு. என் மேசையில், முன்னேற்ற அறிக்கைகளுக்கு மேல் பரப்பினார். நான் சொன்ன நூல் வேரைத் தேடி இருவரும் குனிந்து பார்த்தோம். கிண்டும்போது அறுந்துவிட்டதாம். சாட்சி போதாது என்று நினைத்தாரோ என்னவோ, ரொறன்ரோவில் இருக்கும் மச்சானுக்கு போன் போட்டார். மச்சான் பேராதனையில் விவசாயம் படித்தவர். அங்கே இரவு. ஸ்பீக்கரில் போட்டுக் கேள்வியை வாசித்தார். வாசித்த முறையிலேயே விடையும் இருந்தது. மச்சான் கொட்டாவி விட்டு, “அத்தான், அது வேரில்லை” என்றார். லைன் சரியில்லை என்று இவர் போனை வைத்துவிட்டார்.

கிழங்கைத் திருப்பிக் கொண்டுபோகவில்லை. மத்தியானம் அவித்து, உள்ளி, மிளகு, உப்புப் போட்டு இடித்து ஆசிரியர் அறையில் எல்லோரும் சாப்பிட்டோம். நல்ல கிழங்கு. அந்த விசயத்தில் அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் மாதிரி வினாத்தாள் அனுப்புவார். சோதினைக்கு முதல்நாள் துர்க்கையம்மன் கோவிலில் ஐந்து பேனையை வைத்துப் பூசை செய்வித்துக்கொண்டு வருவார். அதெல்லாம் ஊரில் எல்லோரும் செய்வது.

1816இல் டானியல் புவர் இந்தத் தெல்லிப்பழையில் மிஷன் பள்ளிக்கூடம் தொடங்கியபோது பிள்ளைகளைத் தரப் பெற்றோர் தயங்கினார்களாம். பாதிரியாருக்கு வாய்த்த பெற்றோரை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. 1910இல் பாவலர் துரையப்பாபிள்ளை மகாஜனாப் பள்ளிக்கூடத்தைத் தொடங்கியபோதும் விடைத்தாளோடு யாரும் வாசலில் நின்றதாகக் கேள்விப்படவில்லை.

இவ்வளவும் தரம் 5 புலமைப்பரிசிலுக்காக. இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்து இலவசக் கல்வியோடு, வசதியில்லாத கிராமத்துப் பிள்ளை நல்ல பள்ளிக்கூடத்துக்குப் போக வழியாக வளர்ந்த சோதினை. 70 புள்ளி எடுத்தால் சித்தியென்றுதான் பரீட்சைத் திணைக்களம் சொல்கிறது. ஆனால் ஊர்க்கணக்கில் மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு ஒன்று குறைந்த பிள்ளை பெயில். பத்து வயதுப் பிள்ளை அன்று பின்னேரம் வீட்டுக்குள்ளேயே இருக்கும். மாமி, சித்தி எல்லோரும் போன் எடுத்து “எவ்வளவு?” என்பார்கள். சாப்பிட்டானோ என்று கேட்க ஆளில்லை.

இனிச் சொல்லப்போவதில் பகிடி இல்லை. அந்தப் பொடியனுக்குக் கரும்பலகை தெரிவதில்லை. பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்துத்தான் எழுதுகிறான். ‘மனல்’ வந்ததும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். முன்வாங்கில் இருத்தினேன், அப்போதும் கண்ணைச் சுருக்குகிறான். கண்ணைக் காட்டச் சொல்லிக் கொப்பியில் எழுதினேன். கையெழுத்து வைத்து வந்தது. திரும்ப எழுதினேன், கையெழுத்து வந்தது. நேரில் சொன்னபோது, “விடிய ரியூசன், பள்ளிக்கூடம் விட்டால் ரியூசன், சனி ஞாயிறும் வகுப்பு. எப்ப ரீச்சர் கொண்டுபோறது? சோதினை முடியட்டும்” என்றார். ஆதார வைத்தியசாலை இதே ஊரில் இருக்கிறது. பனங்கிழங்கு கிண்ட அவருக்கு ஒரு பின்னேரம் கிடைத்தது.

எங்கள் பக்கமும் சுத்தமில்லை. காலையில் வகுப்பில் அரைகுறையாக விட்ட பாடத்தைப் பின்னேரம் கொட்டிலில் காசுக்கு முடித்துவைக்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அப்படி இருக்கும்போது, பள்ளிக்கூடத்தில் என்ன நடக்குதென்று ஒரு தகப்பன் வாசலில் வந்து கேட்டால் பிழை சொல்ல வாய் வருகுதில்லை. ஆனால் அவர் அதைக் கேட்பதில்லை. அரைப் புள்ளியைத்தான் கேட்கிறார்.

அவர் ஐந்தாம் வகுப்பில் இருந்தது 1990இல். அந்த வருசம்தான் சண்டை திரும்பத் தொடங்கி இந்த ஊரே எழும்பிப் போனது. பிறகு ஊர் ஊராய்க் கொட்டில் பள்ளிக்கூடம், இரவில் ஜாம் போத்தல் விளக்கு. மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு அதையும் நேரத்தோடு அணைக்க வேண்டும். ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: “எங்கட விடைத்தாளை ஒருத்தரும் திருப்பிப் பாக்கேல்லை ரீச்சர். திருத்தினவையோ எண்டும் தெரியாது.” அன்றைக்கு ஒரு புள்ளி கேட்டிருந்தால் போட்டிருப்பேன். கேட்கவில்லை.

முடிவு வந்தது. பொடியன் வெட்டுப்புள்ளியைத் தாண்டிவிட்டான். ஒழுங்கை முகப்பில் பனர் ஏறியது. படத்துக்குக் கீழே நன்றி வரிசை: துர்க்கை அம்பாள், ரியூசன் சேர், ரொறன்ரோ மாமா. தாண்டாமல் விட்டிருந்தால் அந்த வரிசையில் தனியாக நான் நின்றிருப்பேன்.

அடுத்த நாள் காலை லட்டுப் பெட்டியோடு வாசலில் நின்றார். மற்றக் கையில் பைல்.

“ரீச்சர், கோவிக்காதையுங்கோ. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ரெண்டு புள்ளி கூட. மீள்திருத்தத்துக்குப் போடுவம் எண்டு இருக்கிறன். அதிபரிட்டை நீங்களும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ.”

அதிபர் போனில் இருந்தார். லட்டை வாங்கிக்கொண்டு, சொல்கிறேன் என்றேன். போகிற போக்கில் திரும்பி நின்று, சின்னவன் இப்போது மூன்றாம் வகுப்பு என்றும், அவனுக்கு என்னுடைய வகுப்பே கிடைக்க வேண்டுமென்று அம்பாளுக்கு நேர்ந்திருப்பதாகவும் சொன்னார்.