பக்திவிருத்தியும் 15ஆம் தேதியும்

விசுவாசத்தில் ஆழம் போகவேண்டும் என்று ஆசை வந்தது. ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் போகிற சி.எஸ்.ஐ. சபைக்காரனுக்கு இந்த ஆசை வரக்கூடாதா என்ன? ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

சண்டே ஸ்கூலில் திரித்துவத்தை விளக்கும் வேலை என் தலையில் விழுந்தது. தண்ணீர், ஐஸ், நீராவி மூன்றும் ஒன்றுதானே என்று டம்ளரோடு டெமோ காட்டினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு ஒரு இறையியல் புத்தகத்தைப் புரட்டினால், ஒரே கடவுள் மூன்று வேஷம் போடுகிறார் என்கிற இந்த உபதேசத்தை 3ஆம் நூற்றாண்டிலேயே சபெல்லியுஸ் என்பவர் சொல்லி, சபை அவரைத் தள்ளிவைத்திருக்கிறது.

அடுத்த வாரம் முட்டைக்கு மாறினேன். ஓடு, வெள்ளைக்கரு, மஞ்சள்கரு. அது கடவுளை மூன்று துண்டாக்கும் தப்பாம். வகுப்பில் சரியான உபதேசத்தில் நின்றது கரும்பலகை மட்டும்தான்.

சரி, மூளை வேண்டாம், முழங்கால் போதும் என்று ஜெபத்துக்கு வந்தேன். வின்செஸ்டர் பிஷப்பாக இருந்து 1626இல் இறந்த லான்சலட் ஆண்ட்ரூஸ், தனிஜெபத்துக்கென்றே கிரேக்கத்திலும் லத்தீனிலும் எழுதிவைத்து மணிக்கணக்காக ஜெபிப்பாராம். நானும் அலாரம் வைத்து எழுந்தேன். நாட்டுக்காக ஜெபிக்கும்போது ஈ.பி. பில் ஞாபகம் வந்தது. வியாதியஸ்தருக்காக ஜெபிக்கும்போது என் முழங்காலும் பட்டியலில் சேர்ந்தது.

“என்னங்க, ஜெபமா, தூக்கமா?” என்று மனைவி எட்டிப் பார்த்தாள். குறட்டைதான் பதில் சொன்னது.

கடைசியில் ஆச்சியின் பழைய ஜெபப் புத்தகத்தை எடுத்தேன். இதன் ஆங்கில மூலத்தை 1549இல் கொண்டுவந்தவர் தாமஸ் கிரான்மர். பழைய முறையில் படிப்பதைவிட, எதைப் படிப்பது என்று தேடவே அதிக நேரம் போகிறது என்று அதன் முன்னுரையிலேயே குறை சொல்லி, அன்றாட ஜெபங்களைக் காலை ஆராதனை, மாலை ஆராதனை என்று இரண்டாகச் சுருக்கிவிட்டார்கள். அவ்வளவு சுலபமாக்கிய புத்தகத்திலும் நான் பக்கம் தேடிக்கொண்டிருந்தேன்.

150 சங்கீதங்களையும் 30 நாளுக்குக் காலை, மாலை என்று பங்கு போட்டிருக்கிறார்கள். 31ஆம் தேதி வந்தால் முந்தின நாள் பங்கையே திரும்பப் படித்தால் போதும். சோம்பேறிக்கு ஏற்ற ஏற்பாடு என்று உட்கார்ந்தேன். அன்றைக்கு 15ஆம் தேதி மாலை.

வந்தது 78ஆம் சங்கீதம். 70 வசனத்துக்கு மேல். செங்கடலைக் கடந்த இஸ்ரவேலர் திரும்பத் திரும்பச் சொதப்ப, கடவுள் திரும்பத் திரும்பச் சேர்த்துக்கொள்கிற கதை. படிக்கப் படிக்கச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்ததுபோல இருந்தது. பாதியில் கொட்டாவி வந்ததும் உண்மை.

இப்போதும் மனசு ஈ.பி. ஆபீஸ் கியூவில்தான் நிற்கிறது. ஆனால் வாய் பாட்டுக்குச் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டே போகிறது. மனசும் எப்போதாவது வந்து சேர்ந்துகொள்கிறது. எழுதிவைத்ததைப் படிப்பதும் ஜெபம்தான் என்று இறையியலாளர் ரிச்சர்ட் ஹூக்கர் 1597இலேயே நீளமாக வாதாடியிருக்கிறார். அவருடைய ஒரு வாக்கியம் முடிவதற்குள் நான் தூங்கிவிட்டேன்.

நீங்களும் என் கட்சி என்றால், எந்தத் தேதியில் வேண்டுமானாலும் தொடங்குங்கள். 15ஆம் தேதி மாலை என்றால் மட்டும், ஒரு காபி குடித்துவிட்டு உட்காருங்கள்.