பூ தெரிகிறது, செடி தெரியவில்லை

இயல்தாவரம் என்பது, மனிதர் கொண்டுவந்து நடாமல், ஒரு நிலப்பகுதியில் தானாகவே தோன்றி நிலைபெற்ற செடி, கொடி, மரங்களைக் குறிக்கும். அவற்றை அறிந்துகொள்ளும் நோக்குடன் கேமராவைச் சுமந்து விடியற்காலையிலேயே புறப்படும் குழுக்களை, சென்னையின் தெற்கேயுள்ள நன்மங்கலம் காப்புக்காடு போன்ற புதர்க்காடுகளில் காணலாம். செடியை அடையாளம் காண எவை தேவையோ, அவற்றை மறைப்பதையே ஒளிப்படக்கலை தன் உச்சமாகக் கருதுகிறது என்பதே இப்பயணங்களின் அடிப்படைச் சிக்கலாகும்.

இலைகள் கணுதோறும் இணையாக நிற்கும் எதிரடுக்கா, கணுவுக்கு ஒன்றாக மாறிமாறி ஏறும் மாற்றடுக்கா, காம்பின் அடியில் இலையடிச்செதில் எனப்படும் சிறு செதில் உண்டா என்பனவே தாவரவியலார் கேட்கும் வினாக்கள். ஒளிப்படக்காரரோ மண்ணில் குப்புறப் படுத்து, லென்சின் துளையை அகலத் திறந்து, புலத்தெளிவை, அதாவது படத்தில் கூர்மையாகத் தெரியும் ஆழத்தை, சில மில்லிமீட்டராகக் குறுக்கி, ஒற்றை மகரந்தத்தாளை மட்டும் துலக்கிவிட்டு, எஞ்சிய தாவரவியல் அனைத்தையும் பச்சை மூட்டமாகக் கரைத்துவிடுகிறார். அப்படத்தைக் கொண்டு எத்தகைய அறிஞரும் உறுதியாகக் கூறத்தக்கது, அது ஒரு பூ என்பது மட்டுமே.

இயல்தாவரங்களும் இதில் ஒத்துழைப்பதில்லை. காரையும் சங்கஞ்செடியும், பச்சை இலைகளுக்கிடையே பசுமை கலந்த சிறு பூக்களைப் பூத்து, நெருங்குவோரை முள்ளால் வரவேற்கின்றன. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுச்செடியாக வந்து காடெங்கும் பரவிய உன்னிச்செடியோ, இடுப்புயரத்தில், பல வண்ணங்களில், பெரும்பாலும் பட்டாம்பூச்சியுடனேயே காத்திருக்கிறது. ஆதலால், பயணத்தின் சிறந்த படமாகக் குழுவினர் ஒருமனதாகத் தேர்ந்தெடுப்பது அந்த அயல்தாவரத்தின் படமாகவே அமைந்துவிடுகிறது.

தானாக முன்வந்து அறிமுகம் செய்துகொள்ளும் இயல்தாவரம் சூரை ஒன்றே. அதன் வளைந்த முட்கள் சட்டையைப் பற்றினால், இழுக்க இழுக்க இறுகுமேயன்றி விடா. பிறர் வந்து விடுவிக்கும்வரை அசையாது நிற்க நேர்ந்தவர், மாற்றடுக்கு இலைகளையும், இலையின் அடியிலிருந்தே பிரியும் மூன்று முதன்மை நரம்புகளையும் கண்ணெதிரே நெடுநேரம் காண்பதால், அக்குழுவில் ஒரு செடியையேனும் ஐயமறக் கற்றவர் அவரே எனலாம்.

முழுச்செடி, கணு, இலையின் அடிப்புறம், காய் ஆகியவற்றைத் தனித்தனியே படமெடுப்பதே முறையான வழி. காம்புகளுக்கிடையே செதில் தெளிவாகத் தெரிந்தால் காரை என்றும், இலைநுனியே முள்ளாக முடிந்தால் சங்கஞ்செடி என்றும் வழக்கைத் தீர்ப்பவை, எவரும் சட்டமிட்டு மாட்டாத அப்படங்களேயாகும். இவ்வுண்மையைக் குழுவினர் அனைவரும் மனமார ஒப்புக்கொண்ட பின்னரும், அடுத்த பயணத்திற்கான அழைப்பிதழின் முகப்பில் அச்சாவது உன்னிப்பூவே.