விசா வேண்டாத வாசல்

நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்காது. கடலுக்குள் தள்ளி நங்கூரம் போடும். ஆளும் மூட்டையும் தோணியில் போய்த்தான் ஏற வேண்டும். எங்கள் தாத்தா தலைமுறை ரஜுலா கப்பலில் அப்படித்தான் போய் ஏறியது. 1926-இல் ஸ்காட்லாந்தில் கட்டிய அந்தக் கப்பல் சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம்வரை ஓடியது. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பண்ணையாட்களுக்கும் கடல் கடந்து பிழைக்கப் போகும் கூத்தாநல்லூர்ச் சபுராளிகளுக்கும் அதுதான் கப்பல்.

அன்றைக்கு மலாயா என்றிருந்த மலேசியாவின் ரப்பர் தோட்டத்துக்குப் போகிறவனுக்கு, ஆள் சேர்க்கும் கங்காணி தந்த சீட்டே போதும். நாகை டிப்போவில் அம்மை குத்தி, உடம்பைப் பார்த்து ஏற்றிவிடுவார்கள். எதற்கு வந்தாய் என்று அக்கரையில் யாரும் கேட்கவில்லை. பால்மரம் வெட்ட வருகிறான் என்று அவர்களுக்குத் தெரியும்.

இப்போது எங்கள் ஊர்ப் பையன்கள் திருச்சியில் விமானம் ஏறுகிறார்கள். ராத்திரி ஏறினால் விடியும்போது கோலாலம்பூர். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு மலேசியாவில் சுற்றுலாவுக்கு விசா வேண்டாம் என்று அறிவித்தபோது டீக்கடையெல்லாம் அதே பேச்சு. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போன பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கேட்க வேண்டியதில்லை. ஏஜெண்டுகள் வீடு தேடி வந்தார்கள். "விசாவே வேண்டாம்டா தம்பி, சுத்திப் பாக்க வந்தேன்னு சொல்லு, மத்தத நான் பாத்துக்குறேன்."

விசா வேண்டாம் என்பதற்கு உள்ளே விடுவார்கள் என்று பொருள் இல்லை. திரும்பும் டிக்கெட், தங்குமிடம், கைச்செலவுக்குப் பணம் எல்லாம் கேட்பார்கள். எந்த நாட்டிலும் கடைசிச் சொல் கவுண்டரில் இருக்கிற அதிகாரியுடையது. தோல் காய்த்த கையும் புதுச் சட்டையுமாக நிற்கிற பையனிடம் எந்த ஓட்டல் என்று கேட்டால் அவன் விழிப்பான். ஓர் அறையில் உட்கார வைப்பார்கள். கூட்டி வந்த விமான நிறுவனமே திரும்பக் கூட்டிப் போக வேண்டும் என்பது பன்னாட்டு விதி. அடுத்த விமானத்தில் திருச்சி.

அப்படித் திரும்பியவர்களில் சிலரை எனக்குத் தெரியும். வீட்டு நகையை அடகு வைத்துப் போன ஒருவன் திருச்சியில் இறங்கி நேரே திருப்பூருக்குப் போய்விட்டான்; ஊருக்கு வரவே இல்லை. அவன் அம்மா என்னிடம் சொன்னது: "நகை போனது போவட்டும் அண்ணே, இவன் மொகத்தக் காட்ட மாட்டேங்குறானே." டீக்கடையில் அவனுக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

ரஜுலாவில் போனவர்களைப் பற்றி இதே ஊர் பெருமையாகப் பேசும். கோடாலித் தைலத்தையும் தகரப் பெட்டியையும் சொல்வார்கள். கப்பல் நிறையத் திரும்பி வந்ததைச் சொல்ல மாட்டார்கள். என் அப்பாயி சொல்லித்தான் எனக்குத் தெரியும். "ரப்பர் வெல விழுந்துச்சு. தாயும் புள்ளயுமா கொண்டாந்து நாகையில எறக்கிட்டுப் போனாங்க. அப்ப யாரு சிரிச்சா?" அவள் சொன்னது உண்மை. 1930-இல் மலாயா தன் செலவில் ஆள் எடுப்பதை நிறுத்தியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் லட்சத்துக்கும் அதிகமான இந்தியத் தொழிலாளர்களை, அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், ஊருக்கு அனுப்பியது. விலை ஏறியதும் 1934-இல் மறுபடி கூப்பிட்டது. 1938-இல் இந்திய அரசு தொழிலாளர்களை அனுப்பத் தடை போட்டது. 1953 ஆகஸ்டில் மலாயாவின் குடிநுழைவுச் சட்டம் அமலுக்கு வந்ததும் வாசல் வெகுவாகக் குறுகியது.

வெறும் சீட்டோடு கூப்பிட்டுக்கொண்டபோதும் நம்மைப் பார்த்துக் கூப்பிடவில்லை. பாஸ்போர்ட்டோடு போகிறவனைத் தடுக்கும்போதும் நம்மைப் பார்த்துத் தடுப்பதில்லை. அன்றைக்கு ரப்பர் விலை, இன்றைக்கு அதிகாரி தாளில் எழுதும் காரணம். இதில் அந்தப் பையன் வெட்கப்பட என்ன இருக்கிறது?

கோபம் போக வேண்டிய இடம் வேறு: அனுப்பிய ஏஜெண்ட். பத்தாவது தேறாதவன் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் ஈசிஆர், அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவை, என்று இருக்கும். அவன் மலேசியாவுக்கு வேலைக்குப் போக 1983 குடிபெயர்வுச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும்; பதிவு பெற்ற ஏஜெண்டால்தான் ஆள் அனுப்ப முடியும். ஏஜெண்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் யாரும் பார்க்கலாம். தமிழக அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. நகையை அடகுக்கடைக்கு எடுத்துப் போகும் முன் அந்த எண்ணைக் கேளுங்கள். சுற்றுலா என்று சொல்லச் சொல்கிறவனிடம் அந்த எண் இருக்காது.